ஆறு தண்ணீர் பாட்டில்கள்

ஹைதராபாத் போய் இறங்கியதும் "வந்துட்டேன்மா" என்று செய்தி அனுப்பினாய். நான் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டேன். பத்து நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் சாப்பாடு, அறை, தண்ணீர் என்று மூன்றையே மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அம்மா ஏன் ஒரு மாதிரி இருக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டாயாம். "பிள்ளை ஊருக்குப் போனா இருக்கத்தாண்டா செய்யும்" என்று சொல்லியிருக்கிறார். அது இல்லை. உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் இன்னொருத்தியிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நீ விமானம் ஏறிய அன்றே போய் ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து உடம்பு அசதியாக இருக்கிறது. துணி மடித்து வைப்பது கூடப் பெரிய வேலையாகத் தெரிகிறது. போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில், "விடும்மா, பழைய கதை" என்பாய். எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்று காரில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. அப்பா முன்சீட்டில் இருந்துகொண்டு, ஹைதராபாத்தில் உன் ஆராய்ச்சிக் கூடத்தில் எலியை வைத்து என்னதான் செய்வீர்கள் என்று கேட்டார். புது மருந்தை எலிக்குக் கொடுத்து, அதன் ஒவ்வொரு உறுப்பும் என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றாய். பிறகு, அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒரு உதாரணம் சொன்னாய். "எலி அதுக்கு முன்னாடி என்ன மருந்து குடிச்சிருக்குன்னு தெரியாட்டி அம்புட்டும் வீண்ப்பா. மெடிக்கல்ல குடுப்பான்ல சல்ஃபா மாத்திரை, அதை நாள்கணக்கா குடுத்தாலே எலிக்குத் தைராய்டு வீங்கிப் போகும். பழைய சேதி. புக்குலயே இருக்கு." அப்பா உடனே தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, நமக்கும் வீங்குமா என்றார். நீ சிரித்தாய். எலிக்கும் நாய்க்கும்தான் அப்படி, மனிதர்களுக்கு நாலைந்து நாள் சாப்பிடுவதால் அப்படி வீங்காது என்றாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "பாரு, உங்கம்மா அழுவுறா" என்று அப்பா கேலி செய்தார். விமான நிலைய வாசலில் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். காலர் சரியாகத்தான் இருந்தது. உன் தொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு.

நான் ஒரு காலேஜில் வேலை பார்த்தேன் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அனிமல் ஹவுஸில் வேலை. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு எலிக்கு உமி மாற்றுகிறேன் என்று சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது. தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள். காலையில் கூண்டைத் துடைத்து, உமி பரப்பி, தீனி போட்டு, தண்ணீர் பாட்டில்களைக் கழுவி நிரப்பிக் கவிழ்த்து மாட்ட வேண்டும். சுவரில் ஒரு பதிவேடு தொங்கும். எலிக்குத் தீனியும் தண்ணீரும் தவிர எது போனாலும் அதில் எழுதி, ஆராய்ச்சிப் பேராசிரியரான கைடிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை ஒரே வாரத்தில் எலிகள் வரிசையாகச் செத்துப்போனதற்காக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே கைடு அதைச் சொன்னார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. மேசை நாற்காலி எங்கே இருக்கிறது என்று காட்டுவதுபோலச் சொன்னார். உன் அப்பாவுக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவள் ரேணுகா. என்னைவிட மூன்று வயது சின்னவள். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவள் அப்பாவுக்குச் சாயப் பட்டறை. போனில் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் வேகமாகப் பேசுவாள், என் பக்கம் திரும்பியதும் நம் பேச்சுக்கு மாறிவிடுவாள். கைடு முன்னால் அவளை நான் மேடம் என்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ரேணு. அவளுக்கு நான் எப்போதுமே அக்கா. கம்பை மட்டுமே தின்று வாழ்ந்தால் கழுத்துச் சுரப்பி, நீ காரில் சொன்ன அந்தத் தைராய்டு, வீங்குகிறதா என்பதுதான் அவள் கேள்வி. உசிலம்பட்டிச் சந்தைக்கு டவுன் பஸ்ஸில் அவளே போய்க் கம்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். மூன்று கூண்டில் கம்பு தின்னும் எலிகள், மூன்று கூண்டில் அரிசி தின்னும் எலிகள். கூண்டுக்கு நாலு. எந்த எலி எது என்று தெரிய ஒன்றுக்குத் தலையில் மஞ்சள் சாயம், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில், ஒன்று வெறுமனே. "சாயம் போடுறது எங்க குடும்பத் தொழிலுக்கா, எலிக்குப் போடுற மொத ஆளு நாந்தான்" என்பாள். மத்தியானம் இரண்டு பேரும் அனிமல் ஹவுஸ் வாசற்படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவை மாற்றிக்கொள்வோம். என் வாழ்க்கையில் நான் மதித்த ஒருத்தியோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கூரை ஒழுகி அறை முழுக்க ஈரம். அரிசிக் கூண்டில் ஓர் எலி தும்மத் தொடங்கியது. இரண்டு நாளில் ஆறு கூண்டிலும் கேட்டது. மூக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசிவு, கையில் எடுத்தால் நெஞ்சுக்குள் கறகறவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முந்தின வாரம் வீட்டில் கேட்டதுதான். உனக்கு அப்போது நாலு வயது. நெஞ்சுச் சளியோடு மூச்சு வாங்கக் கிடந்தாய். டாக்டர் சல்ஃபா மருந்து எழுதிக் கொடுத்து ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாளே நீ எழுந்து ஓடத் தொடங்கிவிட்டாய். நிறுத்திவிட்டேன். நம் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். குணமானதும் மருந்தை நிறுத்து, மிச்சத்தை எடுத்து வை. அதே இருமல் யாருக்கு வந்தாலும் மிச்சம் அவர்களுக்கு. பிரிட்ஜ் கதவில் முக்கால் பாட்டில், கால் பாட்டில் என்று எப்போதும் நாலைந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி, "உங்ககிட்ட சளி மருந்து மிச்சம் இருக்கா?" என்று சர்க்கரை கேட்பதுபோல வந்து கேட்பாள். கொடுப்போம். உனக்குக் கொடுத்து மிஞ்சிய அந்தப் பாட்டிலைத்தான் மறுநாள் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கைடிடம் சொல்லியிருக்க வேண்டும். ரேணுகாவிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எலி சீக்காக இருக்கிறது என்பது பதிவேட்டில் ஏறும். ஏறினால் எனக்கு முன்னால் இருந்தவருக்கு ஆனது எனக்கும் ஆகும். அப்படித்தான் நினைத்தேன். ஆறு பாட்டில் தண்ணீரிலும் உன் மருந்தைக் கலந்தேன். மூன்று நாளில் அது தீர்ந்தது. தும்மல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. சாயங்காலம் பஸ் மாற இறங்கியபோது காளவாசலில் ஒரு மெடிக்கலில் அதே மருந்தை மாத்திரையாகக் கேட்டேன். கடைக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டே, "யாருக்கும்மா?" என்றார். பிள்ளைக்கு என்றேன். முதல் பொய் அதுதான். பத்துப் பத்தாக மூன்று அட்டை வாங்கினேன். தினம் ஒரு மாத்திரையைத் தூளாக்கி ஆறு பாட்டிலுக்கும் பங்கு போட்டேன். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. அடியில் வெள்ளையாகப் படியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பாட்டிலாகக் குலுக்கிக்கொண்டே இருப்பேன். ரேணுகா பத்து மணிக்கு எடை பார்க்க வருவாள். அதற்குள் எலிகளின் மூக்குக் கசிவைத் துடைத்து, பாட்டில்களைக் கழுவி வெறும் தண்ணீர் மாட்டிவிடுவேன்; தும்மலை மழை ஈரத்தால் என்பேன். அவள் போனதும் மறுபடி மருந்துத் தண்ணீர். ஒரு எலிகூடச் சாகவில்லை. மழை விட்டது, தும்மல் நின்றது, ஆனாலும் இருக்கட்டும் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அட்டையில் நாலு மாத்திரை மிஞ்சியது. அதை எடுத்து வைத்து, அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தேன். "அக்கா, உங்களுக்குக் கைராசி" என்றாள் ரேணுகா. நான் அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு எலிகளை அறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. அன்று நான் உள்ளே போகாமல் வெளியே வேலையை இழுத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் அவள் கூப்பிட்டாள். வெள்ளைத் தட்டில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள். கம்பு தின்ற எலிகளின் சுரப்பி ஒரு வரிசை, அரிசி தின்றவற்றின் சுரப்பி ஒரு வரிசை. கம்பு வரிசை மட்டும் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இரண்டுமே பெரிதாக, ரத்தம் கட்டியதுபோல் இருந்தன. அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். தீனியா, கூண்டா, மழையா என்று விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, எந்தச் சந்தேகமும் இல்லாத குரலில் கேட்டாள். "தண்ணில ஏதாச்சும் மருந்து கலந்தீங்களாக்கா?" நான் துடைப்பத்தைக் கையில் வைத்திருந்தேன். "தண்ணில நான் என்னத்தக் கலக்கப் போறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் என்னவோ எழுதினாள்.

அந்த மருந்துதான் சுரப்பியை வீங்க வைத்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இதை உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன், அதனால் அதில் எனக்கே இப்போது நம்பிக்கை குறைவு. நானும் விலங்கியல் படித்தவள். அனிமல் ஹவுஸிலிருந்து காலேஜ் நூலகம் முப்பது எட்டு வைக்கும் தூரம். நீ காரில் சொன்ன புத்தகமோ அதன் பழைய பதிப்போ அங்கே இருந்திருக்கும். அவள் என்னைக் கேட்ட அன்று நான் நடந்து போய்ப் பிரித்துப் பார்த்திருக்கலாம். போகவில்லை. தெரிந்துவிடுமோ என்றுதான் போகவில்லை. தெரியாமல் இருப்பதற்கும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, தம்பி. நான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

ரேணுகா முதலில் காலேஜ் போர்வெல் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, சோதனைக்கு அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தாள். பிறகு அரிசியை. அதற்குள் அவளுக்குக் கொடுத்திருந்த காலம் முடிந்துவிட்டது, மறுபடி எலி தர மாட்டோம் என்றார்கள். கைடு அவளை அறைக்குக் கூப்பிட்டு, உனக்குக் கை நிதானம் இல்லை, சுரப்பியோடு சதையையும் சேர்த்துச் சுரண்டி எடுத்து எடை போட்டிருக்கிறாய் என்றார். கதவு திறந்துதான் இருந்தது, நான் வராந்தாவில் நின்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, அரிசி எலிகளுக்கு எடையைக் குறைத்து எழுதிக்கொள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவள், "பாத்ததத்தான் சார் எழுத முடியும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ஆய்வேடு கொடுக்காமலே போய்விட்டாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்தாள். உன் கன்னத்தைக் கிள்ளி, இவனுக்கு இப்போது சளி இல்லையே என்று கேட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. உன்னை எத்தனை பொய்க்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் கணக்குத் தெரிகிறது.

ஆறாம் வகுப்பில் நீ மார்க் தாளில் அப்பா கையெழுத்தை நீயே போட்டாய். உன்னை அடித்தேன். விளக்குமாற்றுக் குச்சியால், முழங்காலுக்குக் கீழே. அழுதுகொண்டே, நீ பொய்யே சொன்னதில்லையாம்மா என்று கேட்டாய். இல்லை என்றேன். அதற்கு அப்புறமும் இரண்டு அடி அடித்தேன். அந்த இரண்டும் உனக்கு விழுந்திருக்க வேண்டிய அடி இல்லை. மன்னிப்பு என்று பெரிய வார்த்தையெல்லாம் போடவில்லை. தெரிந்து வைத்துக்கொள், அவ்வளவுதான்.

அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவனியாபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் பேர் எழுதி வைக்கும் வேலை. தெரிந்தவர் ஒருத்தர் சொன்னார். அதற்கப்புறம் அந்த ரோட்டில் போவதையே தவிர்த்தேன். வீட்டில் யாருக்கு ரத்தம் பார்க்க வேண்டியிருந்தாலும் வேறு இடம் சொன்னேன். அன்று விமான நிலையத்தில் நீ உள்ளே போனதும் அப்பா வந்த காரிலேயே ஆபீசுக்குப் போய்விட்டார். நான் ஷேர் ஆட்டோவில் வருவதாகச் சொன்னேன். ஆட்டோ அவனியாபுரத்துக்குள் நுழைந்தது. பட்டறைகளில் இரும்பு வெட்டும் சத்தம். அந்தக் கூடத்தின் போர்டு தெரிந்ததும், இங்கே நிறுத்துங்கள் அண்ணே என்றேன். எந்தத் தீர்மானமும் செய்து இறங்கவில்லை. இறங்கிவிட்டேன்.

வரிசையில் ஆறேழு பேர். எல்லாரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. நானும் உட்கார்ந்தேன். அவள் திரைச்சீலையை விலக்கி வெளியே வந்து அடுத்த பேரைக் கூப்பிட்டாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா. யாருக்கு?" என்றாள். யாருக்கும் இல்லை, உன்னைப் பார்க்கத்தான் என்றேன். வேலை முடிய ஒரு மணி ஆகும் என்றாள். இருக்கிறேன் என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ பேர் கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் பேரையும் அவள் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதினாள். எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை செருப்பை மாட்டினேன்.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. உள்ளே அவள் அம்மா கட்டிலில் இருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். "ரேணு, அன்னைக்கு நீ கேட்டேல்ல, தண்ணில கலந்தீங்களான்னு. கலந்தேன்." அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "சல்ஃபாவா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அப்போதே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. படித்திருக்கிறாள். அதனால்தான் வேறு எதையும் கேட்காமல் தண்ணீரையும் மருந்தையும் கேட்டிருக்கிறாள். பீரோவைத் திறந்து, அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே கைவிட்டு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள். பக்கம் தேடவேண்டியிருக்கவில்லை, தானாகவே அந்த இடத்தில் விரிந்தது. அவள் எழுத்து. வரிசையாகக் காரணங்கள், பக்கத்தில் ஒவ்வொன்றும் என்ன ஆனது என்ற குறிப்பு. நாலாவது வரி: தண்ணீரில் மருந்து? அதற்கு நேரே: அக்காவைக் கேட்டேன். இல்லை.

மற்ற வரிகளுக்கு எதிரே சோதனை முடிவுகள் இருந்தன. அந்த ஒன்றுக்கு மட்டும் என் வார்த்தை. போர்வெல் தண்ணீரை அவள் நம்பவில்லை, சோதனைக்கு அனுப்பினாள். அரிசியை நம்பவில்லை. என்னை நம்பி வரியை முடித்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்து பேனா எடுத்து, "இல்லை" என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். "எத்தன நாளுக்கா?" என்றாள். இருபத்தொன்பது நாள் என்றேன். முதல் மூன்று நாள் சிரப், அப்புறம் மாத்திரை. "ஒரு நாளைக்கு எம்புட்டு?" ஒரு மாத்திரை, ஆறு பாட்டிலுக்கும் சேர்த்து. "பெருசா, சின்னப் பிள்ளைக மாத்திரையா?" பெரியது. "ஆறு கூண்டுக்குமா?" ஆமாம். எல்லாவற்றையும் எழுதினாள், அன்றைய தேதி போட்டாள். ஓரத்தில் ஏதோ பெருக்கி வகுத்துப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. இருபது வருடமாகத் தினமும் அத்தனை பேர் கையில் ஊசி குத்துகிறாள், ஒரு தடவை கூடத் தவறாமல். தன் கை நிதானம் இல்லாதது என்று நினைத்துக்கொண்டே குத்தியிருக்கிறாள்.

கட்டிலில் இருந்து அவள் அம்மா அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார். யார் வந்திருப்பது என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ரேணுகா சின்னதாக ஒரு பதில் சொன்னாள். இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். என்னை என்னவென்று சொன்னாள் என்று தெரியாது. கேட்கவும் முடியாது. காபி தரவில்லை. அழவோ திட்டவோ செய்திருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். நான் வாரேன் என்றதும் வாசல் வரைக்கும் வந்தாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். சொன்னேன். ஹைதராபாத், எலிகள், மருந்து சோதனை. அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். "அவங்கிட்ட ஒண்ணு சொல்லுங்கக்கா. பாட்டில் கழுவுறவங்கள ரெண்டாவது தடவையும் கேக்கச் சொல்லுங்க. நான் ஒரு தடவதான் கேட்டேன்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள்.

அதைச் சேர்ப்பிக்கத்தான் இவ்வளவு நீளம். அதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள். உன் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிறவர் யார் என்று இதுவரை நீ சொல்லவில்லை. கைடு பேர், பக்கத்து மேசைப் பையன் பேர், மெஸ் வைத்திருக்கிறவர் பேர் எல்லாம் சொன்னாய். அவர் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள். எலி தும்மினால் தன் வேலை போகும் என்று அவர் நினைக்கிறாரா என்று பார். அவர் அப்படி நினைக்கிற வரைக்கும் உன் நோட்டில் இருக்கும் எண்கள் எதையும் நம்பாதே. இரண்டாவது தடவை கேட்கும்போது குற்றவாளியைக் கேட்பதுபோல் கேட்காதே. படியில் பக்கத்தில் உட்கார்ந்து கேள். என்னை ஒருத்தி அப்படி உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை. மூன்றாவது தடவை சொல்லியிருக்கலாம். அதனால் நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள்.

இன்னொன்று. உன் பெரிய பையின் பக்க அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன். நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். சளிக்கு, வயிற்றுக்கு, காய்ச்சலுக்கு என்று சீட்டு ஒட்டி, வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை அட்டை அட்டையாக வெட்டிப் போட்டிருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் உட்கார்ந்து அடுக்கினேன். நீ காரில் பேசியதைக் கேட்பதற்கு ஒரு நாள் முன்னால். அதில் எதையும் சாப்பிடாதே. யாருக்கும் கொடுக்காதே, பக்கத்து அறைக்காரன் கேட்டாலும். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போ. அவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாளும் சாப்பிடு. இங்கே பிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டில்களை நேற்று எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அப்பா எதையோ தேடுவதுபோல் நிற்கிறார்.

டப்பாவை எடுத்துப் பார்த்ததும் எனக்குப் போன் செய். எடுத்தாயா என்று கேட்பேன். எடுத்தேன் என்பாய். இன்னொரு தடவையும் கேட்பேன்.